எல்லோரும் தூசிப்படையில் நிற்க விரும்பினார்கள்

எதேன், வட பிரான்சு
அக்டோபர், கடைசி ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். அங்கே உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் தவறாமல் எழுதுங்கள்.

நான் புறப்பட்ட அன்று, காரைக்கால் பேருந்து நிலையத்தில் பெட்டியைக் கையில் கொடுத்தபடியே நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியும் உங்களுக்கு நிறைவான விடை கிடைக்காத கேள்வி அது: ஐரோப்பாவிலேயே சிறந்த குதிரைப்படையை வைத்திருந்த பிரெஞ்சுப் பிரபுக்கள், நூறாண்டுக்கும் மேலாக ஒரே விதமாக ஏன் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்? போய்ப் பார்த்து எழுது என்றீர்கள். வந்து பதினான்கு மாதங்கள் ஆன பிறகுதான் எழுத முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் பட்டறை எதேன் என்ற சிற்றூரில் இருக்கிறது. உழவு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதுதான் வேலை. தெற்கே சென்றால் கிரெசி. வடக்கே சென்றால், நம் புத்தகங்களில் அஜின்கோர்ட் என்றும் இங்குள்ளவர்கள் வாயில் அசான்கூர் என்றும் வழங்கும் ஊர். இரண்டுக்கும் மிதிவண்டியிலேயே போய் வந்துவிடலாம். உங்கள் கேள்வியின் இரண்டு பெரிய களங்களுக்கும் நடுவில் எனக்கு வேலை கிடைத்ததை என் பேறாகவே கருதுகிறேன்.

கிரெசிக்கு ஆகஸ்டில் போனேன். வேண்டுமென்றே அப்வில் நகரிலிருந்து புறப்பட்டேன். ஏனென்றால் 1346 ஆகஸ்ட் 26 அன்று பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பின் படை புறப்பட்ட இடம் அதுதான். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வழி. வெறும் மிதிவண்டியோடு போன எனக்கே அந்த மேடுபள்ளத்தில் மூச்சு வாங்கியது. அந்தப் படை முழுக் கவசத்தோடும் குதிரைகளோடும் நாளெல்லாம் நடந்து, பிற்பகல் சாயும் வேளையில் களைத்துப்போய்க் களத்தை அடைந்தது. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டோ, இரண்டு நாள்களுக்கு முன்பே சோம் ஆற்றைத் துறை வழியாகக் கடந்து வந்து, சரிவின் மேல் தாம் விரும்பிய இடத்தைத் தேர்ந்து, வீரர்களுக்கு உணவு கொடுத்து, தரையில் உட்காரவைத்துக் காத்திருந்தார். அவர் நின்று பார்த்ததாகச் சொல்லப்படும் காற்றாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் மரத்தால் ஒரு பார்வைக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அதில் ஏறி நின்றபோது, பிரெஞ்சுப் படை வந்த பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளங்கைபோலத் தெரிந்தது.

அப்பா, அன்று நடந்ததில் என்னை மிகவும் உலுக்கியது அம்பு மழையன்று. போர் தொடங்குவதற்கு முன்பு நடந்த ஒன்று. எதிரியின் நிலையைப் பார்த்து வர பிலிப் நான்கு வீரர்களை அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து, இன்று போர் வேண்டாம், பின்னால் வருபவர்கள் வந்து சேரட்டும், இரவு இளைப்பாறி நாளைக் காலையில் தாக்கலாம் என்று அறிவுரை சொன்னார்கள். அரசர் அதை ஏற்றார்; நிற்கும்படி ஆணையும் பிறந்தது. முன்னால் சென்றவர்கள் நின்றார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள், முன்னணியில் நிற்பவர்களுக்கு இணையாக வந்து சேரும்வரை நிற்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு நெருக்கி வந்தார்கள். அவர்கள் நெருக்கி வருவதைப் பார்த்த முன்னணியினர், தம்மை யாரும் முந்திவிடக்கூடாது என்று மீண்டும் நகரத் தொடங்கினார்கள். இப்படியே ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, யாரும் போருக்கு ஆணையிடாமலேயே, எதிரியின் கண்ணெதிரில் போய் நின்றுவிட்டார்கள். ஒரு நாட்டின் அரசர் நேரில் இருந்து நில் என்று சொல்லியும் நிற்கத் தெரியாத படை அது.

பிறகு நடந்தது நீங்கள் வகுப்பில் சொல்லித் தந்ததுதான். ஜெனோவாவிலிருந்து கூலிக்கு வந்திருந்த குறுக்குவில் வீரர்களை முதலில் அனுப்பினார்கள். வில்லில் நாணேற்றும்போது அவர்களை மறைக்க வேண்டிய ஆளுயரக் கேடயங்கள் மூட்டை வண்டிகளில் பின்தங்கியிருந்தன. சற்றுமுன் மழை பெய்திருந்தது. மாலை வெயில் அவர்கள் கண்ணில் அடித்தது. ஆங்கிலேயரின் நெடுவில் அம்புகள் விழுந்ததும் அவர்கள் பின்வாங்கினார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அரசரின் தம்பி அலான்சோன் பிரபுவும் அவருடைய குதிரை வீரர்களும் அவர்களைத் துரோகிகள் என்று ஏசி, தங்கள் சொந்த வில்லாளிகளையே மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள். அந்தக் குழப்பத்துக்குள் அம்புகள் விழுந்துகொண்டே இருந்தன. இருட்டும்வரை ஏறத்தாழ பதினைந்து முறை பாய்ந்தார்கள். அலான்சோன் இறந்தார். கண்பார்வையற்ற பொஹீமியா அரசர் ஜான், தம் குதிரையின் கடிவாளத்தைத் துணைவர்களின் குதிரைகளோடு பிணைக்கச் சொல்லிக் களத்தில் புகுந்து மாண்டார். அவர் நினைவாக நிற்கும் கற்சிலுவையின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில், தோல்வி நடந்த செய்தியே அறியாமல் வந்து சேர்ந்த புதிய பிரெஞ்சுப் படைகள் நேராக ஆங்கிலேயர் கையில் சிக்கி அழிந்தன. ஒரே நாள் பொறுத்திருந்தால் அவர்களும் அணியில் நின்றிருப்பார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெறும் வயது. வேலையில் அவர்தான் எனக்கு ஆசான். வில்தான் வென்றது என்று நான் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1302 ஜூலை 11 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கூர்த்ரே நகரில் நெடுவில் எங்கே இருந்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அங்கே பிரெஞ்சுக் குதிரைப்படையை எதிர்த்து நின்றவர்கள் ஃபிளாண்டர்சு நகரங்களின் நெசவாளர்களும் கைவினைஞர்களும். காலாள்களாக ஈட்டியும் இரும்பு முனை பதித்த தடியும் ஏந்தி, ஓடைகளுக்கும் சதுப்புக்கும் பின்னால் நின்றார்கள். பிரெஞ்சுக் காலாட்படை முதலில் நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தது. அந்த வெற்றி காலாளுக்குப் போய்விடக்கூடாது என்பதுபோல அவர்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு, ஆர்த்துவா பிரபு இராபர்ட்டின் குதிரைகள் ஓடைகளைத் தாண்டிப் பாய்ந்தன. இராபர்ட்டே களத்தில் விழுந்தார். இறந்தவர்களின் குதிகளிலிருந்து கழற்றிய குதிரையைத் தூண்டப் பயன்படும், பொன்முலாம் பூசிய குதிமுட்களை அந்நகரத்துத் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். ஆகவே வில், மழை, வெயில் எல்லாம் இரண்டாம் காரணங்கள் என்ற முடிவுக்கு நானும் வந்துவிட்டேன்.

முதற்காரணம் எது என்று கேட்பீர்கள். படையின் முன்வரிசையைத் தூசி என்றும் பின்வரிசையைக் கூழை என்றும் நம் பழந்தமிழில் சொல்வதை நீங்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தீர்கள். இந்தப் பிரபுக்களுக்குத் தூசிப்படையில் நிற்பது ஒரு பணியன்று, பிறப்புரிமை. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கொடியோடும் தம் நிலத்திலிருந்து திரட்டிய ஆள்களோடும் வந்தார்கள். சிறு வயது முதல் குதிரைமேல் ஈட்டி பிடித்துப் பழகிய அவர்களுக்குத் தனி வீரத்தில் குறையே இல்லை. ஆனால் பல்லாயிரம் பேரும் ஒன்றாக நிற்கவும் ஒன்றாக நகரவும் அவர்களை யாரும் சேர்த்துப் பழக்கவில்லை. முன்னால் நிற்பவனுக்கே புகழ். உயர்குடிப் பகைவனை உயிரோடு பிடித்தால் மீட்புப் பணமும் அவனுக்கே. காத்திரு என்று சொன்னவனைக் கோழை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். 1356 செப்டம்பரில் பொவாத்தியே களத்தில் அதுதான் நடந்தது. ஆங்கிலேயர் பின்வாங்குகிறார்கள், உடனே பாய வேண்டும் என்றார் ஒரு மார்ஷல். பொறுக்க வேண்டும் என்றார் மற்றொருவர். அச்சம் என்ற சொல் எழுந்ததும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பாய்ந்து, ஒருவர் இறந்தார், மற்றவர் சிறைப்பட்டார். ஆர்லெயான் கோமகனின் அணியோ கைகலக்காமலே களத்தை விட்டு விலகியது. அரசர் இரண்டாம் ஜான் பிடிபட்டார். அவரை மீட்க 30 லட்சம் பொற்காசுகள் தருவதாக நாடு உடன்பட வேண்டியதாயிற்று. அதே அரசர் தொடங்கிய விண்மீன் அணி என்ற வீரர் குழுவினர், களத்தில் குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் பின்வாங்கமாட்டோம் என்று உறுதி எடுத்திருந்தார்கள் என்பதையும், அந்த உறுதியைக் காத்து 1352இல் மொரோன் போரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பதையும் படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. பின்வாங்கி மீண்டும் அணிவகுக்கத் தெரிவதும் படைக்கு வேண்டிய திறன்தானே.

அவர்களுடைய தன்னம்பிக்கை காற்றில் பிறந்ததன்று. 1214இல் பூவீனில் வென்றவர்கள் அவர்கள். 1328இல் காசெல் களத்தில் இதே ஆறாம் பிலிப்பே ஃபிளாண்டர்சுக்காரர்களை முறியடித்தார். வென்றவை நினைவில் நின்றன. தோற்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் சதுப்பு, மழை, கூலிப்படையின் துரோகம் என்று வேறொரு காரணம் கிடைத்தது. இது பிரெஞ்சு இரத்தத்தின் குறையும் அன்று. 1453இல் காஸ்தியோன் அருகே, எழும்பிய புழுதியைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் ஓடுகிறார்கள் என்று நம்பி, தம் முழுப்படை வந்து சேருமுன் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து மாண்டவர் ஆங்கிலத் தளபதி டால்பட். அதற்குள் பிரெஞ்சு அரசு நிலையான சம்பளப் படையை அமைத்துவிட்டிருந்தது.

இனி அசான்கூர். கடந்த வாரம், அக்டோபர் 25 அன்று, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். 1415இல் போர் நடந்த அதே நாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மாதத்தில் இங்கே சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட்டின் அறுவடை நடக்கிறது. சேற்றில் புதைந்து நின்றுபோன இயந்திரங்களைத் தேடி நாங்கள் வயலுக்கே போகிறோம். இந்த மண்ணை நம் வண்டலோடு ஒப்பிடாதீர்கள். நம் வயல் சேற்றில் கால் இறங்கினால் எடுக்கவும் முடியும். இந்தக் களிமண் காலணியோடு ஒட்டி, அடிக்கு அடி எடை கூடி, இருநூறு அடி நடப்பதற்குள் தொடையைத் தளர வைத்துவிடும். என் கையில் ஒரு கருவிப்பெட்டி மட்டும்தான் இருந்தது. அவர்கள் இரும்புக் கவசத்தோடு, இரவெல்லாம் மழை பெய்து, புதிதாக உழுது விதைத்திருந்த வயலில், குதிரைகள் மிதித்துக் குழப்பிய சேற்றில், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

அன்று அரசர் களத்தில் இல்லை. ஆறாம் சார்லசு மனநோயால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். படைத்தலைவர் தால்பிரேவும் மார்ஷல் பூசிகோவும் போர்த்தொழில் அறிந்தவர்கள். ஆனால் அரச குடும்பத்துக் கோமகன்கள் அவர்களுக்கு அடங்குபவர்கள் அல்லர். எல்லோரும் முதல் வரிசையில் இடம் கேட்டார்கள், கொடுக்கப்பட்டது. அதனால் வில்லாளிகளும் குறுக்குவில்காரர்களும் பயன்படாத இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இரண்டு காடுகளுக்கு நடுவே களம் குறுகிக்கொண்டே போக, முன்னணியினர் கையை உயர்த்தவும் இடமின்றி நெருக்குண்டார்கள். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி தம் வரிசையை முன்னே நகர்த்தி, குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த கூர்முனைக் கழிகளைப் பிடுங்கி மீண்டும் நட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறு பொழுதுதான் குதிரைகள் பாய வேண்டிய பொழுது. அப்போது பக்க அணிகளில் நிற்க வேண்டிய வீரர்கள் பலர், குளிர் காயவும் குதிரைகளை நடத்தவும் கலைந்து போயிருந்தார்கள். மிஞ்சிய சிலர் பாய்ந்தார்கள். அம்பு பட்ட குதிரைகள் திரும்பித் தங்கள் காலாள் வரிசைக்குள்ளேயே ஓடின.

பூசிகோவைப் பற்றித்தான் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 1396இல் தன்யூப் ஆற்றங்கரையில், நிக்கோபோலிஸ் களத்தில், துருக்கியரை எதிர்த்துச் சென்ற படையில் அவர் இருந்தார். துருக்கியரின் போர்முறை அறிந்த ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்ட், என் இலகு படையை முதலில் அனுப்புங்கள், பிரெஞ்சு வீரர்கள் பின்னால் வலுவாக நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். முதியவரான கூசி பிரபு அதற்கு உடன்பட்டார். இல்லை, முன்னால் நிற்பது நாமே என்று அடம்பிடித்த பிரபுக்களின் பக்கம் நின்றவர் பூசிகோ. பாய்ந்தார்கள், முதல் வரிசைகளை உடைத்தார்கள், மேட்டின் மேல் ஏறியபோது சுல்தான் பயசீதின் உண்மையான படை அங்கே களைப்பின்றிக் காத்திருந்தது. சிறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் மறுநாள் வெட்டப்பட்டார்கள். கொல்லக் கொண்டுபோன பூசிகோவை, அவரோடு சிறைப்பட்டிருந்த படைத்தலைவர் நெவர் பிரபு சைகை காட்டிக் காப்பாற்றினார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர் அசான்கூருக்கு முந்தைய நாள்களில் ஒரு போர்த்திட்டம் வரைந்தார். அந்த ஓலை இன்றும் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வில்லாளிகளை முன்னே நிறுத்தவும், தேர்ந்த குதிரைப்படை ஒன்று பக்கவாட்டில் பாய்ந்து ஆங்கில வில்லாளிகளைக் கலைக்கவும் அதில் சொல்லியிருக்கிறது. தெளிவான திட்டம். அவர் கற்றுக்கொண்டிருந்தார், அப்பா. களத்தில் அவர் சொல் எடுபடவில்லை. தால்பிரே இறந்தார், இருபது வயது ஆர்லெயான் கோமகன் சார்லசு சிறைப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் கழித்தார், பூசிகோ மீண்டும் சிறைப்பட்டு, 1421இல் அங்கேயே இறந்தார்.

இறந்தவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் மரங்கள் சூழ ஒரு சிலுவை நிற்கிறது. அதைச் சுற்றிலும் இப்போதும் உழவு நிலம். அங்கே நின்றபோது உங்களிடம் கேட்க ஒரு கேள்வி எழுந்தது. நிக்கோபோலிசில் காத்திருக்க மறுத்த பூசிகோ, அசான்கூரில் வில்லாளிகளை முன்னே நிறுத்தச் சொல்லும் பூசிகோவின் பேச்சைக் கேட்டிருப்பாரா? உங்கள் மாணவர்கள் எத்தனையோ பேரின் இருபது வயதையும் நாற்பது வயதையும் பார்த்தவர் நீங்கள். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுங்கள். களத்தின் ஓரத்திலிருந்து எடுத்த கைப்பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

உங்கள் அன்பு மகன்