கொல்லையில் ஒரு பொக்கிஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துத் தினமும் பார்க்கிறேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் தாங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி படிகிறது. சின்னவள் அதில் நகத்தால் கப்பல் கீறுகிறாள்.

எல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. வருகிற சனிக்கிழமை பெரியவனுக்கு ஏழு முடிகிறது. கடற்கொள்ளையர் பிறந்தநாள்தான் வேண்டுமாம். பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறான். இதற்கென்றே மண்டபமும் வேஷம் கட்டுகிற ஆளும் வாடகைக்குக் கிடைக்கும். நான்தான் வேண்டாம் என்றேன். கையால் செய்கிற சந்தோஷம் அதில் வருமா? உன் மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். இப்போது இரவு வேலையும் சேர்த்துப் பார்க்கிறார், பழகிவிட்டது.

பிள்ளைகள் ஓடினால் கைத்தடியால் சுவரைத் தட்டுகிற பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி எழுதியிருந்தேனே, அவர் ஒரு வாஷிங்மெஷின் அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். கப்பலுக்காம்! சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மேற்பார்வை. கைதியைப் பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவதெல்லாம் பெரும்பாலும் கதைதானாம். 'கறுப்புத்தாடி' என்கிற கொள்ளையன் 1718-ல் ஐந்து குண்டும் இருபது வெட்டும் வாங்கிச் செத்தான் என்று சின்னவள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் சொன்னார். 1720 வாக்கில் பார்தலோமியூ ராபர்ட்ஸ் என்றொருவன் கப்பலுக்குச் சட்டமே எழுதிவைத்திருந்தானாம். ஆளுக்கு ஒரு ஓட்டு. எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். கொள்ளையில் கேப்டனுக்கும் இரண்டு பங்குக்கு மேல் கிடையாது. பங்கு பிரிக்கிறவரும் வேறு ஆள். அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கப்பலில் ஒட்டிவிட்டேன். கேப்டனையும் ஓட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றதும் பெரியவன் முகம் தொங்கிப்போயிற்று. "என் பிறந்தநாள்ல நானே தோத்துட்டா?" என்கிறான். நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஒரு நாள் அவனுக்கு இரண்டு ஓட்டு என்று சமாதானம் செய்தேன்.

கண்மறைப்பு பத்தும் கறுப்புத் துணியில் வெட்டியாயிற்று. ஒற்றைக்கண்ணோடு படி இறங்கினால் விழுவார்கள், அதனால் போட்டோ எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். வாள் எல்லாம் சுருட்டிய பேப்பர். சின்னவள் எதையும் வாயில் போடுவாள், அதனால் மணி, பாசி கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு அட்டைக் காசு வெட்டித் தங்க நிறப் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். ஆளுக்கு எட்டு, எண்ணித் தனித்தனிப் பையில். ஒன்று குறைந்தாலும் வீடு ரணகளமாகிவிடும்.

புதையல் வரைபடம்தான் கடைசியாகச் செய்தேன். டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் வெள்ளைத்தாளை நனைத்தால் நூறு வருஷப் பழசுபோல ஆகிவிடுகிறது. வெயில் ஏது, ஹீட்டர்மேல் போட்டுக் காயவைத்தேன். ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கினேன். எல்லோரும் தூங்கினபிறகு தீவு வரைய உட்கார்ந்தேன். ஒரு கிணறு போட்டேன். பக்கத்தில் துவைக்கிற கல். அப்புறம் சாய்ந்த வேப்பமரம், அதன் அடியில் பெருக்கல் குறி. காலையில் பெரியவன் பார்த்துவிட்டு, "இது எந்தத் தீவும்மா?" என்றான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "பாட்டி வீட்டுக் கொல்லைடா" என்றேன். "அங்க புதையல் இருக்கா?" என்று கேட்டான். அடுப்பில் பால் வைத்ததுபோல எழுந்து போய்விட்டேன், அம்மா.

அந்தக் கொல்லையைத்தான் தம்பி விற்கலாம் என்கிறானா? பவர் பத்திரத்துக்குத் தூதரகம் போய் அத்தாட்சி வாங்க வேண்டும், அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். அவசரப்படாதீர்கள். கிணற்றை மூடினால்தான் வாங்குவேன் என்கிற ஆளுக்குக் கொடுக்கவே வேண்டாம். பங்கு பிரிக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற இடத்தைத் தம்பிக்கு ஒருமுறை படித்துக் காட்டு. சித்தப்பாவை உட்காரவைத்துப் பேசுங்கள்.

அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் மாதக் கடைசியில் வரும். இங்கே சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள், வேறொன்றுமில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். தாத்தாவையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறானாம் பெரியவன்.

இன்னொன்று. கிணற்றிலிருந்து வேப்பமரம்வரை எத்தனை அடி என்று அளந்து எழுது. பத்திரத்துக்காகத்தான்.

உன் மகள்