இரண்டு நிமிடத்தில் டிக்கெட்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட சிம்பொனி இசைக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கடைசிப் பத்தியில் "கைப்பேசியிலேயே இரண்டு நிமிடத்தில் டிக்கெட் எடுத்துவிடலாம்" என்ற வரிதான் மனத்தை உறுத்திவிட்டது. எழுதியவர் என் வயதுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பியானோ படிக்கும் என் பேத்தியை எஸ்பிளனேடு கலையரங்குக்கு அழைத்துப்போக நினைத்தேன். வாசிப்பவரின் விரல்களை அவள் பார்க்க வேண்டும். அதற்கு அரங்கின் இடப்பக்கம் உட்கார வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'சிறந்த இருக்கை' என்று இணையத்தளம் தானாகக் கொடுத்ததோ வலக்கோடி. அங்கிருந்து கலைஞரின் முகம் தெரியும், கை தெரியாது. விலை குறைவு என்று மேடைக்குப் பின்னால் எடுத்தாலும் பயனில்லை. பியானோவின் மூடி திறந்திருப்பது எதிர்ப்பக்கம், நாதமும் அந்தப் பக்கம்தான் போகும். சரி, நாமே இடம் தேடலாம் என்று தேடி, வங்கி அனுப்பிய எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுவதற்குள் 'நேரம் முடிந்தது' என்று வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் டிக்கெட் விலைக்கு மேல் பதிவுக் கட்டணம் வேறு.

சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு 1979இல் தொடங்கியது. 2002இல் எஸ்பிளனேடுக்கு மாறும்வரை விக்டோரியா அரங்கில்தான் பெரும்பாலும் வாசித்தார்கள். அந்தக் காலத்தில் டிக்கெட் முகப்பில் இருந்த அம்மா இருக்கை வரைபடத்தை விரித்து, பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டு, "பியானோ என்றால் இங்கே உட்காருங்கள்" என்பார். அந்த ஒரு வார்த்தையை இன்று யாரிடம் கேட்பது?

இது மட்டுமா? ஒருமுறை கலைஞருக்கு உடல்நலமில்லை என்று வேறொருவரைப் போட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் முதலில் அறிவித்த கலைஞருக்காகவே டிக்கெட் எடுத்தவர் பணம் கேட்டால் 'நிபந்தனையைப் படியுங்கள்' என்று ஒரு மின்னஞ்சல். இன்னொரு முறை வாசலில் கைப்பேசி டிக்கெட் திறக்கவே இல்லை. பியானோவை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்கும் பியானோ கன்செர்ட்டோ பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே வரும். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் இரண்டாம் கன்செர்ட்டோ மணியடிப்பதுபோல் பியானோவின் தனி நாதத்தில்தான் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை மூடிய கதவுக்கு வெளியே நின்று இழந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு, ஐயா. கர்நாடக இசை விழாவுக்கு முழுப்பக்கம் தருகிறீர்கள், மகிழ்ச்சி. சிம்பொனிக்கு ஆண்டுக்கு ஒரு கட்டுரை. அதுவும் தமிழர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை என்ற தொனியில். தாவரப் பூங்காவின் இலவச சிம்பொனி நிகழ்ச்சிகளில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் நம்மவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் விற்பவர்களை மாற்ற உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். இனி இத்தகைய நிகழ்ச்சிக் குறிப்புகளில் நேரில் டிக்கெட் வாங்கும் முகப்பு எங்கே, எத்தனை மணிவரை திறந்திருக்கும், தொலைபேசி எண் என்ன என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்த 'இரண்டு நிமிடம்' வரியை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அங் மோ கியோ