பிசிஜி ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோய் வருமா வராதா என்பதை ஜீன் டெஸ்டில் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை அது வீண் செலவு. எச்.எல்.ஏ-டி.ஆர்.2 என்ற நோய் எதிர்ப்பு மரபணு வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 1990களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். ஆனால் அந்த வகை உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை, இல்லாத பலருக்கு வருகிறது. உடல் மெலிவு, சர்க்கரை நோய், புகை, குடி இவற்றைக் கவனித்தாலே போதும்.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. அங்கே ஒரே ஒரு மரபணுப் பழுது உயிருக்கே உலை வைக்கும். கிருமியை விழுங்கிய வெள்ளணு 'இன்டர்லூக்கின்-12' என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. அதைப் பெறும் 'டி' வகை வெள்ளணுக்கள் 'இன்டர்ஃபெரான் காமா'வைச் சுரக்கின்றன. அது திரும்ப வந்து தொட்ட பிறகுதான் விழுங்கிய அணுவுக்குக் கிருமியைக் கொல்லும் வலு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி-யில் உள்ள வீரியம் குறைந்த உயிர்க்கிருமியே நோயாகப் பரவும். இன்டர்லூக்கின்-12 சமிக்ஞையை வாங்கும் ஏற்பியை (அணுவின் மேலுள்ள வாங்கியை) உருவாக்கும் ஐ.எல்.12.ஆர்.பி.1 மரபணுவின் பழுதுதான் இவற்றில் அதிகம் காணப்படுவது. இக்குழந்தைகளுக்கு குடலைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமியின் தொற்றும் திரும்பத் திரும்ப வரும்.

ஊசி போட்ட இடது தோளில் 2, 3 வாரத்தில் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, 12 வாரத்துக்குள் தழும்பாவது இயல்பு. இடது அக்குளில் சுண்டைக்காய் அளவு நெறி கட்டினாலும் பயமில்லை, தானே வற்றும். சீழ் கோத்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கத்தி வைத்தால் புண் ஆறாமல் புரையோடும். கழுத்து, தொடை இடுக்கு என்று மற்ற இடங்களிலும் நெறி கட்டி, காய்ச்சல் விடாமல், எடை ஏறாமல், கல்லீரல் வீங்கினால் அது வெறும் ஊசிக்கட்டி அல்ல.

இங்கேதான் தவறு நடக்கிறது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லிம்போசைட் எனும் வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000-க்குக் கீழே இருந்தால் 'சிட்' எனும் கடும் எதிர்ப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் மேலே சொன்ன சங்கிலிப் பழுதில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அணுக்களை ஒளிக்கதிரால் ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் ஏற்பிகளைப் பார்த்து, பிறகு மரபணு வரிசையைப் பார்த்தால்தான் பிடிபடும். மும்பை தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனத்திலும் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. மருந்திலும் கவனம் தேவை. பிசிஜி கிருமிக்குப் பைராசினமைடு எனும் காசநோய் மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது. அதை நம்பி மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. ஐ.எல்.12.ஆர்.பி.1 பழுதுக்கு இன்டர்ஃபெரான் காமா ஊசி கைகொடுக்கும். இன்டர்ஃபெரான் ஏற்பியே முழுதாக இல்லாவிட்டால் அந்த ஊசியால் பயனில்லை, எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி.

இந்தப் பழுதுகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வெளிப்படும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் ஊரில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததற்கு நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஆகவே பிரசவ வார்டில் ஊசியை எடுக்கும் முன் செவிலியர் தாயிடம் ஒன்று கேட்க வேண்டும்: "முன்னாடி பிறந்த பிள்ளை ஏதாவது சின்னதிலேயே தவறிப்போச்சா? ஊசி போட்ட இடம் ஆறாம இருந்துச்சா?" தாய்-சேய் அட்டையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.

'ஆமாம்' என்றால், பரிசோதனை முடியும்வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு ஆகிய உயிர்க்கிருமி மருந்துகளை மட்டும் தள்ளிவைத்து, ஹெபடைடிஸ்-பி ஊசியை வழக்கம்போல் போடலாம். மற்றக் குழந்தைகள் யாருக்கும் பிசிஜி-யைத் தள்ளிப்போட வேண்டாம். மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பது அதுதான். தள்ளிவைத்த குழந்தைக்கும் முடிவு நல்லபடியாக வந்தால் ஓராண்டுக்குள் போட அரசு அட்டவணையிலேயே இடமிருக்கிறது. ஒரு மாதம்வரை 0.05 மில்லி, அதற்குப் பிறகு 0.1 மில்லி.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர்கள் சிலர், மதுரை