லுக்பான் ஊராருக்கு நன்றி

பிலிப்பைன்ஸின் கெசோன் மாகாணத்தில் உள்ள லுக்பான் ஊர் மக்களுக்கு, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் மணிலாவில் வேலை பார்க்கும் நானும் நன்றி சொல்லி எழுதும் மடல் இது. உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் செய்ததை எங்கள் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒவ்வோர் ஆண்டும் மே 15 உழவர்களின் காவலரான சான் இசித்ரோவின் திருநாள். அவர் மட்ரிட் பக்கத்தில் நிலத்தில் பாடுபட்ட ஓர் எளிய உழவர். 1622-ல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் ஜெபத்தில் மூழ்கியிருக்க, தேவதூதர்கள் வந்து அவருடைய நிலத்தை உழுதுகொடுத்தார்கள் என்பார்கள். லுக்பான் உழவர்கள் முன்பெல்லாம் விளைச்சலைத் தேவாலயத்துக்கே கொண்டுபோய்ப் படைத்தார்களாம். அங்கே இடம் கொள்ளாமல் போகவே, அவரவர் வீட்டு வாசலிலேயே வைக்கச் சொல்லி, பாதிரியார் தெருத்தெருவாக வந்து ஆசி வழங்கத் தொடங்கினார் என்று அங்கே சொல்கிறார்கள். அதுதான் இன்று பஹியாஸ் என்ற திருவிழாவாக வளர்ந்திருக்கிறது.

எங்கள் முதல் நன்றி தங்க இடம் கொடுத்த வீட்டுக்கு. திருவிழா நெருங்கிவிட்டால் லுக்பானில் அறை கிடைப்பது கஷ்டம். அலுவலகத் தோழி தன் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். முன்பின் பார்த்திராத எங்களுக்காக அந்த வீட்டில் கதவு திறந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது என்று தெரிந்ததும் கீழ் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். வீட்டுப் பாட்டியை எல்லாரும் லோலா என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

லோலாவுக்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும். வீடுகளை அலங்கரிக்கும் கிப்பிங் வேலை வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்கட்டில் கடைசி ஈடுகள் வெந்துகொண்டிருந்தன. ஊறவைத்த அரிசியை நைசாக அரைத்து, சாயம் கலந்து, பச்சை இலையின் மேல் மெல்லிசாகத் தடவுகிறார்கள். காப்பி இலை, கோகோ இலை, அங்கே கபால் என்று சொல்லும் ஓர் இலை என்று நரம்பு எடுப்பாக இருக்கும் இலையாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பச்சை இலையை உரித்துவிட்டால் மாவில் நரம்பெல்லாம் அப்படியே பதிந்திருக்கிறது. சுருண்டுவிடாமல் பாரம் வைத்து அழுத்தி, உலர்த்தி எடுத்தால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, வெளிச்சம் ஊடுருவும் அரிசி இலைகள். அவற்றைக் கோத்து அடுக்கடுக்காகத் தொங்கும் பெரிய சரவிளக்கு மாதிரிக் கட்டுகிறார்கள்.

அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "அட, இது நம்ம இலை வடாம்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் பூவரசு இலையில் மாவு தடவி வேகவைத்து உரித்துக் காயப்போட்ட கை அது. லோலாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தகாலோக் தெரியாது. லோலா ஒரு கட்டு இலையை அம்மா பக்கம் தள்ளிவைத்தார். அம்மா தடவிய முதல் இலையில் மாவு சற்றுக் கனம். லோலா விரலால் வழித்து இவ்வளவுதான் என்று காட்டினார். அடுத்தது சரியாக வந்தது. அப்புறம் இருவரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே சாயங்காலம் வரை வேலை பார்த்தார்கள். அம்மா தடவிய கிப்பிங்கையும் வாசல் அலங்காரத்தில் சேர்த்துக் கட்டினீர்கள். அவர் அதை ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

திருநாளன்று தெருவில் எங்களைப் பெயர் கேட்காமல் வாசலுக்குள் அழைத்த வீட்டார் அனைவருக்கும் நன்றி. சுவர் முழுக்க நெற்கதிர், தட்டைக்காய், பாகல், முள்ளங்கி, வாழைத்தார், அன்னாசி. சௌசௌவைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே குஷி. அவரவர் தொழிலே அவரவர் சுவரில் ஏறியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. லொங்கனிசா செய்யும் வீட்டில் பூண்டு மணக்கும் அந்தத் தொத்திறைச்சிச் சரங்கள். தொப்பி பின்னும் வீட்டில் புரி என்ற பனை வகையின் மட்டைக் காம்பிலிருந்து உரித்த நாரில் பின்னிய புந்தால் தொப்பிகள். எந்த விளம்பரப் பலகையும் மாட்டாமல், விளைந்ததையும் கையால் செய்ததையும் மட்டும் வைத்து அலங்கரித்திருந்த வீடுகளே அன்று மிக அழகானவை. அந்த வீட்டாருக்கு இன்னொரு வணக்கம்.

ஊர்வலம் ஒவ்வோர் ஆண்டும் வேறு தெருக்கள் வழியாகப் போகும்படி முறை வைத்திருக்கிறீர்கள். செலவும் பெருமையும் எல்லாத் தெருவுக்கும் மாறி மாறி வருகிறது. இந்த முறை உங்கள் தெருவின் முறை. அந்தச் செலவுக்கு நடுவிலும் எங்களுக்கென்று இறைச்சி சேர்க்காமல், சௌசௌ அரிந்து போட்டுத் தனியாகப் பன்சித் ஹப்ஹப் செய்து கொடுத்த பெரியம்மாவை மறக்க முடியாது. வாழை இலைத் துண்டில் நூடுல்ஸை வைத்து, மேலே வினிகர் விட்டு, கை படாமல் இலையோடு வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார்.

வண்டிகளை நிறுத்திவைத்திருந்த இடத்திலிருந்து அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த ஊர்க்காவல் தொண்டர்களுக்கும், நாற்காலி எடுத்துவந்து நிழலில் போட்ட மருந்துக்கடைக்காரருக்கும், இரவில் காத்திருந்து கூட்டிப்போய், கூடுதலாக ஒரு பெசோகூட வாங்க மறுத்த டிரைசைக்கிள் அண்ணனுக்கும் நன்றி. மறுநாள் விடியும் முன்னரே தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும்.

அதே நாளில் மாகாணத்தின் வேறு ஊர்களிலும் கொண்டாட்டம்தான். தயாபாஸில் ஊர்வலத்தின்போது வாழை இலையிலும் ஓலையிலும் சுற்றிய சுமான் என்ற ஒட்டரிசிப் பண்டத்தைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறார்கள். சரியாயாவில் மூங்கில் கிளைகளில் தின்பண்டங்களைக் கட்டித் தொங்கவிட்டு, சான் இசித்ரோவின் சுரூபம், அதாவது சிலை, கடந்ததும் எல்லாரும் பாய்ந்து பறித்துக்கொள்கிறார்கள். குமாகாவில் விளைபொருள் கட்டிய பெரிய மூங்கில் வளைவுகள். அங்கும் கடைசியில் எல்லாம் மக்களுக்கே. எங்களால் மூன்றுக்கும் போக முடியவில்லை. தயாபாஸ் போய் வந்த தோழி ஒரு பை சுமானோடு வந்தாள். அதில் பாதி, அவளுக்குப் பின்னால் நின்று பிடித்த ஒரு பையன் "உங்க விருந்தாளிக்கு" என்று கொடுத்ததாம். தம்பி, அது அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் நேரில் பார்க்காதவர்களுக்கும் ஒரு நன்றி உண்டு. பனஹாவ் மலைச்சரிவுகளில் நெல்லும் காய்கறியும் விளைவித்த உழவர்களைச் சொல்கிறேன். படம் எடுக்க வருகிறவர்கள் சுவரைத்தான் எடுக்கிறார்கள். அதில் தொங்கியதை விளைவித்தவர்கள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். புயல் அடிக்கடி வந்துபோகும் மாகாணத்தில் ஒரு போகம் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்குத் தெரியும். ஊர்வலத்தில் சான் இசித்ரோ சுரூபத்துக்குப் பின்னால் எருமையோடு நடந்த பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

தமிழ் நண்பர்களுக்கு ஒன்று: போக நினைப்பவர்கள் மே 14 அன்றே போய்விடுங்கள். மணிலாவிலிருந்து லுசேனாவுக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து லுக்பானுக்கு ஜீப்னி என்ற ஷேர் வண்டி.

லோலா, திருவிழா முடிந்ததும் மிச்சக் கிப்பிங்கை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தீர்களே, அதற்குப் பதிலாக அம்மா இலை வடாம் போட்டு அனுப்பியிருக்கிறார். தோழி எடுத்து வருவாள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடச் சொல்கிறார் அம்மா.

மராமிங் சலாமத் போ. மிக்க நன்றி.

திருநெல்வேலி அம்மாவும் மகளும்