வண்டியை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாய்?

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். அடுத்த மாதக் கடைசியில் வருகிறாய், தை கழிந்து திரும்பவும் வியட்நாமுக்கு, அந்த ஃபான் ராங் ஊருக்கே போகிறாய். நடுவில் ஐந்து மாதம் அந்த பைக்கையும் அறைச் சாமான்களையும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் அவளிடம் கேள்.

நாகர்கோவில் ராணித்தோட்டம் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்த காலத்தைவிட, ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தெருவில்தான் நின்றுபோன வண்டிகளை அதிகம் பார்க்கிறேன். துபாய், மஸ்கட், தோகா என்று போனவர்களின் சாவிகள் நம் வீட்டு ஆணியில் தொங்குவது உனக்குத் தெரியும். "மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க அண்ணாச்சி" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் மூன்றாவது வீட்டுப் பையனுடைய பல்சர் ஸ்டார்ட் ஆகி ஆகி அணைந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தேங்காய் நார், பூக்கட்டின வாழைநார், கிழிந்த ரேஷன் பை, நடுவில் கண் திறக்காத நாலு எலிக்குஞ்சு. ஃபில்டர் அட்டையில் பாதியைத் தின்று தீர்த்திருந்தது தாய் எலி. அதோடு நிற்காமல் சீட்டுக்கு அடியில் போகிற வயரிங்கில் மூன்று வயரைக் கடித்து வைத்திருந்தது. வண்டிக்கு வெளியே ஒரு கீறல் கிடையாது, கவர் போட்டு ஜம்மென்று நின்றது. கவர்தான் எலிக்கு வசதி என்பதை யார் நினைக்கிறார்கள்?

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். கோயில் குன்றில் எடுத்த போட்டோவில் அம்மா பார்த்தது கோயிலை. சாம் ராஜாக்கள் கட்டின எழுநூறு வருஷத்துச் செங்கல் கோபுரம், உள்ளே முகத்தோடு லிங்கம் இருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து அடுத்த தடவை பூ வாங்கிப் போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்தது முன் சக்கரத்தை. ஸ்போக் நிப்பிள் எல்லாம் வெள்ளை பூத்து, ரிம்மின் உள் விளிம்பில் துரு புள்ளி வைத்திருக்கிறது. கா நா உப்பளம் வழியாகத்தான் தினமும் காற்றாலை சைட்டுக்குப் போகிறாய் என்றாய். நம் ஊர் புத்தளம், தாமரைக்குளம் உப்பளத்துப் பக்கத்து வண்டிகளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதே கதைதான். கிளம்புவதற்கு முந்தின நாள் கழுவினால் போதாது. இப்போதிருந்தே வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஸ்போக், ஸ்டாண்டு ஸ்பிரிங், போல்ட் தலைகளில் ஆயில் துணியால் ஒரு தடவு தடவு.

ஆனால் துருவைவிட எனக்குக் கவலை பேப்பர்தான். அந்த ஹோண்டா வேவ் பைக்கை, வேலை முடிந்து ஊருக்குப் போன வேறொரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கினாய், ப்ளூ கார்டில், அதாவது அங்கத்து ஆர்சியில், இருப்பது அவர் பெயர்கூட இல்லை, அதற்கும் முந்தின ஆள் பெயர் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். எல்லா வெளிநாட்டுக்காரர்களும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னாய். ஓட்டட்டும். 2023 ஆகஸ்ட் 15-லிருந்து அங்கே நம்பர் பிளேட் வண்டியோடு போவதில்லை, உடமைக்காரரின் அடையாள எண்ணோடு போகிறது. விற்றால் பிளேட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். அப்படியென்றால் நீ ஓட்டிக்கொண்டிருப்பது யாரோ ஒருவரின் நம்பர். நீ பக்கத்தில் இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால் பேசிச் சமாளிக்கலாம். நீ இல்லாத ஐந்து மாதத்தில் வண்டி திருடு போனாலோ, யாராவது எடுத்துக்கொண்டு போய் ஆளை இடித்தாலோ, அது உன்னுடையது என்று எதை வைத்துச் சொல்வாய்? உன்னிடம் கம்பெனி எடுத்துக் கொடுத்த தற்காலிகக் குடியிருப்பு அட்டை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வண்டி பதிவு செய்ய அதுதான் வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்தவர்களுக்கு இல்லாத வசதி உனக்கு இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் பெயர் மாற்றிவிடு. 2025 ஜூலையில் ஃபான் ராங் இருந்த நின் துவான் மாகாணத்தைக் கான் ஹோவா மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். எந்த அலுவலகம், விலாசத்தில் எந்த மாகாணம் போட வேண்டும் என்பதையும் உன் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டுக்கொள். முந்தின ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது, மாற்ற வழியே இல்லை என்றால், அந்த வண்டியைப் பாதுகாத்து வைப்பதைப் பற்றிப் பேசுவதிலேயே அர்த்தமில்லை. அடுத்த தடவை சொந்தப் பெயரில் ஒன்று வாங்கிக்கொள்.

லைசென்ஸும் அப்படித்தான். இங்கே ஆர்டிஓவில் எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட்டைப் பையில் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதே. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968-ல் நாடுகள் போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி கொடுத்ததை. நம் நாடு கொடுப்பது அதற்கு முந்தின 1949 ஒப்பந்தப்படி. உன் வண்டி 110 சிசி, ஐம்பதுக்கு மேல் என்றால் அங்கே லைசென்ஸ் கட்டாயம். உன் குடியிருப்பு அட்டையைக் காட்டி நம் லைசென்ஸை அவர்கள் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியும். அதையும் முடித்துவிட்டு வா. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது வண்டியை நிறுத்துகிற வேலை. டேங்கைக் கழுத்து வரை நிரப்பு, கார்புரேட்டரைக் காலியாக்கு. இது தலைகீழாகத் தோன்றும். டேங்க் தகரம், உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால் ராத்திரிக் குளிரில் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். அங்கே 2018-ல் ஈ5 வந்தது, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால், இங்கே ஈ20. எத்தனால் ஈரத்தை இழுக்கிற சாமான். உன் டேங்க் மூன்று முக்கால் லிட்டர் கூடப் பிடிக்காது, நிரப்பப் பெரிய செலவில்லை. கார்புரேட்டர் அடியில் இருக்கிற கிண்ணத்தில் தேங்கினது மட்டும் காய்ந்து பிசினாகிவிடும், சுலோ ஜெட்டில் ஊசி நுழைகிற அளவு ஓட்டைதான், அடைத்துக்கொண்டால் வண்டி ஐடிலிங்கில் நிற்காது. கிண்ணத்தின் அடியில் ஒரு டிரெயின் ஸ்குரூ இருக்கும். பெட்ரோல் டேப் இருந்தால் அதை அடைத்துவிட்டு ஸ்குரூவைத் திருகினால் வடிந்துவிடும். அங்கே தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார், பாஷை தெரியாவிட்டாலும் கையைக் காட்டினால் செய்து கொடுப்பார்.

பேட்டரியைக் கழற்றிவிடு. முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ். வீட்டுக்குள்ளே மரப்பலகை மேல் வை. உன் வண்டிக்குக் கிக்கர் இருக்கிறது, பேட்டரி போனாலும் பிப்ரவரியில் உதைத்துக் கிளப்பிவிடலாம். புதுசாக வருகிற செல்ஃப் மட்டும் உள்ள வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்து, ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணி கட்டு. திரும்பி வந்து அவசரத்தில் உதைக்கும்போது நினைவு வரும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரமும் தரையில் படாதபடி பலகை கொடு. டயரில் காற்றைக் கொஞ்சம் கூட வை. கவர் போடுவதாக இருந்தால் துணிக் கவர். வாரம் ஒருநாள் யாராவது அதைத் தூக்கி உதறினால் எலி குடித்தனம் நடத்தாது.

இன்னொன்று, வீட்டுக்கார அம்மாவிடம் "அப்பப்போ ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. இதில் எனக்கும் தெருவுக்கும் ஓயாத வழக்கு. நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைக்கிறார்கள். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். அந்த இரண்டு நிமிடத்துக்கு செல்ஃப் தின்ற கரண்ட்கூட பேட்டரிக்குத் திரும்பி வராது. ஓட்டினால் பத்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது.

என்னைக் கேட்டால் ஓட்டுவதுதான் நல்லது. உன் கூட வேலை செய்கிற உள்ளூர்க்காரர் யாருக்காவது, லைசென்ஸ் இருக்கிறவருக்கு, கொடுத்துவிட்டு வா. ஆயில் மாற்றுவது அவர் செலவு, டயர் உன் செலவு என்று பேசிக்கொள். லைசென்ஸை நீயே கண்ணால் பார். வீட்டுக்கார அம்மாவின் பையன் ஆசைப்படுகிறான் என்றாயே, அவன் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கூடாது. நம் ஊரில் 2019 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு ஆகாதவன் கையில் வண்டி போய் ஏதாவது ஆனால் உடமைக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். அங்கேயும் லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டி கொடுத்தால் கொடுத்தவன் மேல் அபராதம் உண்டு. அந்த அம்மாவின் முகத்துக்காகச் சம்மதித்துவிடாதே.

அறைச் சாமான்களுக்கு ஐந்து மாத வாடகை கட்டப் போவதாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மெத்தை, ரைஸ் குக்கர், இன்டக்ஷன் அடுப்பு, ஃபேன். இதற்காக ஒரு அறையா? மாடிப்படி அடியில் ஒரு மூலை கேள். சும்மா கேட்காதே, மாதம் ஏதாவது கொடு. காசு வாங்கினவர்களுக்கு அது பொறுப்பு, சும்மா வைத்துக்கொண்டவர்களுக்கு அது இடைஞ்சல். தரையில் வைக்காதே. நீ இல்லாத மாதங்கள்தான் அங்கே மழை. 2025 நவம்பரில் நா ட்ராங் பக்கம் வெள்ளம் வந்ததை டிவியில் பார்த்துவிட்டு அம்மா சாப்பிடாமல் இருந்தாளே. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் எல்லாவற்றையும் நன்றாக வெயிலில் காயவைத்துப் போடு. உள்ளே போகிற பொருளில் ஈரம் இருந்தால் மூடி அதைப் பூட்டி வைக்கும்.

பிரஷர் குக்கரின் காஸ்கெட்டைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்கிறாள் அம்மா. மூடியிலேயே விட்டால் இறுகிப்போகுமாம். சேஃப்டி ஷூவை விட்டுவிட்டு வரவே வராதே. போடாமல் வைத்தால்தான் அந்த சோல் கெடும். டிப்போ ஸ்டோரில் பெட்டி பிரிக்காத ஷூவை நாலைந்து வருஷம் கழித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் பத்தடி நடந்தார், சோல் அதிரசம் மாதிரி உதிர்ந்துவிட்டது. காற்றாலைக் கோபுரத்தில் எண்பது மீட்டர் ஏறுகிற உனக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். காற்றாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கான ஜிடபிள்யூஓ சான்றிதழ், டிகிரி, ப்ளூ கார்டு எல்லாம் கைப்பையில் வரட்டும். பவர் பேங்க், பழைய போன் எதையும் பெட்டிக்குள் அடைத்துவிட்டு வராதே.

முக்கியமானதை இப்போதுதான் சொல்கிறேன். விட்டுவிட்டு வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடு. "மார்ச் கடைசி வரை வைத்திருங்கள். நான் வராவிட்டால், தகவலும் சொல்லாவிட்டால், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை மட்டும் இன்னாரிடம் கொடுங்கள்" என்று அவர்கள் பாஷையில் எழுதி, சாமான் லிஸ்டும் போட்டோவும் சேர்த்து, ஒரு காப்பி அந்த அம்மாவிடம், ஒரு காப்பி உன் கம்பெனி ஆளிடம். காண்டிராக்டை நம்பித்தான் உன் வருகை. அடுத்த வருஷம் வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அந்த அம்மா யாருடையதென்று தெரியாத மெத்தையைத் தூக்கிப் போடவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் தவிப்பார். எட்டாவது வீட்டு யமஹா அப்படித்தான். ஆள் அபுதாபியிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். விற்கவா என்று கேட்டால் "இருக்கட்டும் அண்ணாச்சி, அடுத்த லீவுக்கு வருவேன்" என்கிறார். அவர் அம்மா அதில் துணி காயப்போடுகிறார்.

இதே நியாயம் இங்கேயும் உண்டு. உன் ஸ்ப்ளெண்டர் 2011 டிசம்பரில் வாங்கினது, வருகிற டிசம்பரோடு ஆர்சி பதினைந்து வருஷம் முடிகிறது. அதற்கு முன் அறுபது நாளுக்குள் ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓவில் காட்டி, பசுமை வரி கட்டினால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். இன்ஜின் நன்றாக இருக்கிறது, நான் வடசேரிச் சந்தைக்கும் உன் அத்தை வீட்டுக்கும் அதில்தான் போகிறேன். உன் பெயரிலேயே புதுப்பிக்கிறாயா, என் பெயருக்கு மாற்றுகிறாயா என்று சொல். நீ இங்கே இருக்கிற மாதங்களிலேயே இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். மாடி அறையில் உன் அட்டைப் பெட்டிகள் நாலு இருக்கின்றன. வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை நீயே பிரித்துப் பார். வேண்டியதை வை, மற்றதைக் கொடு. அம்மா அந்த அறையில் தையல் மெஷின் போட ஆசைப்படுகிறாள், உன்னிடம் சொல்ல மாட்டாள்.

டிக்கெட் திருவனந்தபுரத்துக்கே எடு. சென்னை வழியாக வந்தால் ஒரு ராத்திரி ரயிலில் போய்விடும். தேதி சொன்னால் நான் வண்டி ஏற்பாடு செய்கிறேன். பெயர் மாற்றின ப்ளூ கார்டின் போட்டோவை முதலில் அனுப்பு, டிக்கெட் போட்டோ அதற்கப்புறம் வரட்டும்.

அப்பா