அறுபது கேசட்டுக்குள் அடங்கும்

மான்செஸ்டர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. மாலை நாலரைக்கே தெருவிளக்கு எரிகிறது. வேலை ஓடுகிறது. வீட்டுக்கார அம்மாள் இந்த மாதமும் வாடகையை ஏற்றவில்லை. அம்மா கேட்ட கம்பளிப் போர்வை வாங்கிவிட்டேன். இதெல்லாம் போனில் சொன்னதுதான். மாமா பேச்சை எடுத்தால் மட்டும், "சரி, காசு ஏறும், வை" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஏது காசு அப்பா? அதனால்தான் கடிதம்.

எங்கள் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பெரி ஊர்க்காரர். காலையில் ஃபிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாக ஏணி ஏறினால் மதியம்தான் இறங்குவார். எனக்கு அவர் பெரும்பாலும் வாக்கிடாக்கியில் வருகிற ஒரு குரல். மாமா இறந்துபோன செய்தி வந்த அன்று கம்பிக் கட்டுகளின் எண்ணிக்கையை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். என்ன என்று கேட்டார், சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஒரு சி.டி.யைக் கையில் வைத்து, "வரிசையாகக் கேள். தாண்டித் தாண்டிக் கேட்காதே" என்றார். நீங்களும் மாமாவும் பாட்டுப் பதிந்து கொடுத்த நம் கேசட் கடையில் நீங்கள் வாடிக்கையாளர்களிடம் சொன்னது அப்படியே! பழைய சாமான் கடையில் ஐந்து பவுண்டுக்கு ஒரு சி.டி. பிளேயர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த சி.டி.யில் பாடும் இசைக்குழுவின் பெயர் எல்போ. முழங்கை என்றுதான் அர்த்தம், சிரிக்காதீர்கள். பெரியில் படித்த பையன்கள் 1990இல் சேர்ந்த குழு. முதல் ஆல்பம் வெளிவர 2001 ஆனது. இது நான்காவது, 2008இல் வந்த 'த செல்டம் சீன் கிட்'. எப்போதாவது கண்ணில் படுகிற பையன். அந்தப் பையன் பிரையன் கிளான்சி, மான்செஸ்டர் பாடகர், இவர்களின் நண்பர். 2006இல் இறந்துபோனார். ஒலிப்பதிவு பக்கத்திலேயே, சால்ஃபோர்டில். தயாரித்தவர் வெளியாள் இல்லை, குழுவில் கீபோர்டு வாசிக்கும் கிரெய்க் பாட்டர். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கே கொடுக்கும் மெர்க்குரி பரிசு அந்த ஆண்டு இதற்குத்தான் கிடைத்தது.

முதல் பாட்டு 'ஸ்டார்லிங்ஸ்'. நம் ஊருக்கு வரும் சூறைக்குருவியின் சொந்தக்காரப் பறவை. மெல்லிய தாளம், அடியில் முனகுகிற மாதிரி குரல்கள். கேட்கவில்லையே என்று நான் வால்யூமைத் திருகினேன். அந்த நேரம் பார்த்து எக்காளங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அடி. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அடித்த வேகத்தில் நின்று, மறுபடி பழைய முனகல். மாமாவாக இருந்தால், கேசட் டெக்கில் ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டதென்று பதறி ஓடிவந்து லெவலைக் குறைத்திருப்பார். குறைத்தால் பாட்டே போயிற்று. இந்த ஆல்பம் முழுக்க அப்படித்தான்: தாழ்ந்த இடம் உண்மையாகவே தாழ்ந்திருக்கிறது.

பாடுகிற கய் கார்வியின் குரல் கனமானது, கொஞ்சம் கரகரப்பு. உச்சத்துக்குப் போகும்போதும் கத்துவதில்லை. 'கிரவுண்ட்ஸ் ஃபார் டிவோர்ஸ்' என்ற பாட்டில் கிட்டார் சம்மட்டி மாதிரி இறங்குகிறது. தலைப்பைப் பார்த்து விவாகரத்துக் கதை என்று நினைத்தேன். துக்கத்தில் இருப்பவன், தெருவில் இருக்கும் குழியில் விழுவதுபோலத் தினமும் மதுக்கடைக்குள் போய் விழுகிற கதை. போப்பாண்டவரை வைத்து ஒரு பாட்டு இருக்கிறது, அது எனக்குப் பிடிபடவில்லை. குதிரைப் பந்தயத்தில் கள்ளத்தனம் செய்யும் இருவரைப் பற்றி இன்னொன்று, ஷெஃபீல்டு பாடகர் ரிச்சர்ட் ஹாலியோடு சேர்ந்து பாடியது. இழவு வீட்டுத் திண்ணையில் யாராவது பழைய வேடிக்கைக் கதையை எடுத்துவிடுவார்களே, அந்த ரகம்.

ஏழாவது பாட்டின் தலைப்பே டவர் கிரேன் ஓட்டுநரின் தனிமை. மெதுவாக, மேகம் கவிவதுபோல் ஏறுகிறது. ஊரெல்லாம் கீழே கிடக்க, ஒருத்தன் மட்டும் மேலே. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா என்று நம்மாளிடம் கேட்டேன். "மேலே ஹீட்டர் உண்டு, அதைப் பாட்டில் விட்டுவிட்டார்கள்" என்றார்.

பத்தாவது பாட்டு, 'ஒன் டே லைக் திஸ்', இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் இவர்களே பாடினார்கள். வயலின்கள் தொடங்கிவைக்க, கூட்டமாகப் பாடுகிற பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. நீங்களாக இருந்தால் இதைத்தான் கடைசியில் வைத்திருப்பீர்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கொண்டாட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, இறந்த நண்பருக்கென்று ஒரு அமைதியான பாட்டு. இந்த ஊரில் பஸ் ஓட்டுநர் முதல் பால் பாக்கெட் விற்கிறவர் வரை எல்லோரும் என்னை 'மேட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊர் 'அண்ணே' மாதிரி, காசில்லாத சொல். அந்தச் சொல்லை வைத்தே கார்வி, செத்துப்போனவரிடம், உன்மேல் பிரியம் மேட் என்கிறார். முப்பது ஆண்டு ஒரே கல்லாவில் உட்கார்ந்த நீங்களும் மாமாவும் இதை ஒருவருக்கொருவர் சொல்லியிருப்பீர்களா? நான் கேட்டதில்லை. "சுண்ணாம்பு இருக்கா?" என்பதுதான் கேட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குத் தஞ்சாவூர் வரும் நண்பரிடம் சி.டி. கொடுத்தனுப்புகிறேன். பரணிலிருக்கும் டெக்கை இறக்குங்கள், பெல்ட் மட்டும் போயிருக்கும். கணக்குப் பார்த்துவிட்டேன், அறுபது நிமிட கேசட்டுக்குள் அடங்கும். ஏ பக்கம் ஆறு பாட்டு, பி பக்கம் கிரேன்காரரில் தொடங்கி ஐந்து. பி பக்கத்தில் கொஞ்சம் நாடா மிஞ்சும். மாமா மிச்ச நாடாவை வீணாக்கமாட்டார், அரைப் பாட்டாவது போட்டுவிடுவார். அது பாதியில் அறும், வாங்கியவர் சண்டைக்கு வருவார், நீங்கள் மாமாவைத் திட்டுவீர்கள். இந்த கேசட்டிலும் அவருக்குப் பிடித்தது எதையாவது போடுங்கள். அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

போர்வை சாம்பல் நிறம்தான், நீலம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்