பேக்கப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

உறவுகளுக்கு வணக்கம். சங்கக் கணினியின் பேக்கப்பை, அதாவது கோப்புகளின் மாற்றுப் பிரதிகளை, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று கேட்டிருந்தீர்கள். என் எண்ணம் இது: நாளாந்தப் பிரதி இரண்டு கிழமை, கிழமைப் பிரதி மூன்று மாதம், மாதப் பிரதி ஒரு வருடம். வருடக் கணக்கு முடித்த பிரதியை அழிக்கவே வேண்டாம். நேற்றையது மட்டும் போதாது. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) சிலவேளை கிழமைக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுத்தான் பூட்டும். அதற்குள் புதிய பிரதிகளும் பழுதாகிவிடலாம்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது, மேசை லாச்சிக்குள் இருந்த பேக்கப் பென்டிரைவும் கணினியோடு சேர்ந்தே நனைந்தது. (அதை அரிசிக்குள் புதைத்து வைத்தது நான்தான், சிரிக்காதீர்கள்.) ஆகவே பிரதியுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் தள்ளி வவுனியாவில் இருக்கட்டும். சனிக்கிழமை பழைய பிரதியொன்று சரியாக வேலை செய்கிறதா என்று திறந்து பார்ப்போம். வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.